நன்றி: இணையம்

ஆலத்தூர் நாடு
5.6.2008, வியாழன்

ஜெயசுதா அம்மணிக்கு அப்பாசாமி எழுதுவது.

கண்டக்டர் மாதேஸ்வரன் நேற்று மாலை பஸ்ஸில் நீங்கள் கொடுத்தனுப்பிய அச்சுப் பிரதியைக் கொண்டுவந்து சேர்த்தார். நம்முடைய ‘எழுபது வளைவு’ வலைப்பூவில் என் பதினெட்டாவது கட்டுரை வெளியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். இணையத்தை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. நான் இங்கே காகிதத்தில் எழுதுகிறேன். மாதேஸ்வரன் அதைத் தோல்பையில் வைத்து மலையிறக்குகிறார். நீங்கள் காளப்பநாயக்கன்பட்டியில் உங்கள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தட்டச்சு செய்து உலகத்துக்குக் காட்டுகிறீர்கள். உலகம் பார்த்துவிட்டது என்று நீங்கள் சொல்கிறீர்கள், நான் நம்புகிறேன். இரண்டு வருடமாக இந்த ஏற்பாட்டில் குறை ஒன்றும் இருந்ததில்லை.

இந்த முறை இருக்கிறது.

‘வளைவும் வயிறும்’ என்ற இந்தக் கட்டுரையை நான் விளையாட்டாக எழுதவில்லை. ஒரு பட்டா விஷயமாக ஒன்றரை வருடம் வியாழன்தோறும் நாமக்கல் போய்த் திரும்பியவன் நான். அலுவலக விடுமுறைகள் போக, கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பஸ்ஸில் அறுபத்தொரு பயணம். எந்த வளைவில் எப்படிப்பட்ட பயணி வாந்தி எடுக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் குறித்து வைத்தேன். புதுத்துணி உடுத்தியவர்கள் நான்காவது வளைவில். அடிவாரத்தில் புரோட்டா சாப்பிட்டவர்கள் பதினொன்றில். “எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க” என்று ஏறும்போதே சொன்னவர்கள் இருபத்திரண்டில். இவையெல்லாம் உண்மை. நான் சாட்சி.

ஆனால் முப்பத்தேழாவது வளைவுக்கு வந்தால், அச்சில் இப்படி இருக்கிறது: “இங்கே ஆலத்தூர் நாட்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தில் இருப்பவருக்கு முகம் வெளுத்தால், அந்த முகத்தைப் பார்க்காமலே ஓர் எலுமிச்சை மூடியை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிடுவார்கள். யார் கொடுத்தது என்று அவரும் கேட்கமாட்டார், இவரும் சொல்லமாட்டார்.”

அம்மணி, எங்களுக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை. நான் எழுதியது இது: முப்பத்தேழாவது வளைவில் எதுவும் நடப்பதில்லை. அறுபத்தொரு பயணத்தில் ஒருவர்கூட அங்கே எடுத்ததில்லை. அந்த ஒன்றும் நடக்காமைதான் என் கட்டுரையின் உச்சம். அதை எடுத்துவிட்டு எலுமிச்சம்பழத்தை வைத்தது யார்?

அப்பாசாமி


காளப்பநாயக்கன்பட்டி
7.6.2008

அண்ணாவுக்கு,

நான்தான் வைத்தேன். இரண்டு பக்கத்துக்கு விசாரித்திருக்கிறீர்கள், ஒரு வரியில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

(இந்தக் காகிதத்தின் மறுபக்கத்தில் யாரோ ஒருவருடைய ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இருக்கும். கோணலாக விழுந்த பிரதி. கண்டுகொள்ள வேண்டாம்.)

நடந்ததைச் சொல்கிறேன். மாதேஸ்வரன் அண்ணன் அன்றைக்குப் பையில் இடமில்லை என்று உங்கள் உறையை அன்னாசி மூட்டைக்கு அடியில் செருகிவிட்டார். வழியில் மழை. நீங்களோ இன்னும் மைப் பேனாவில்தான் எழுதுவேன் என்கிறீர்கள். மற்ற பக்கங்கள் பிழைத்துக்கொண்டன. நான்காம் பக்கம், அதாவது முப்பத்தொன்றாவது வளைவிலிருந்து நாற்பத்துநான்கு வரைக்கும், என் கைக்கு வரும்போது நீலமாக இருந்தது. எழுத்து நீலமில்லை அண்ணா, பக்கமே நீலம்.

அதற்குள் முதல் முப்பது வளைவைத் திங்கட்கிழமையே ஏற்றிவிட்டேன், ‘மீதி நாளை’ என்றும் போட்டுவிட்டேன். செவ்வாய் காலை கடை திறந்தால் பதினோரு பின்னூட்டம். பெயர் போடாத ஓர் அனானி, “முப்பதோட நின்னுடுச்சே, பஸ் பிரேக்டவுனா?” என்று கேட்கிறார். துபாயிலிருந்து ஒருவர், “சீக்கிரம் மேல ஏத்துங்க, எனக்கே குமட்டுது” என்கிறார். உங்களுக்கு எழுதிக் கேட்டுப் பதில் வர நான்கு நாள். அதுவரைக்கும் உலகத்தை முப்பதாவது வளைவில் நிறுத்தி வைக்கச் சொல்கிறீர்களா?

ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களுக்கு இடையில் இருபது நிமிடத்தில் எழுதினேன். மற்ற பதின்மூன்று வளைவுக்கும் உங்கள் தோரணையிலேயே இரண்டிரண்டு வரி. அதிலெல்லாம் நீங்கள் ஒரு தப்பும் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். முப்பத்தேழில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதுவரை வந்திருக்கும் நாற்பத்தாறு பின்னூட்டத்தில் முப்பத்தொன்று அந்த எலுமிச்சையைப் பற்றித்தான்.

ஜெயசுதா


ஆலத்தூர் நாடு
12.6.2008

அம்மணிக்கு,

பதின்மூன்று வளைவும் நீங்கள் எழுதியது என்று தெரிந்தபிறகு மறுபடி படித்தேன். நன்றாகத்தான் இருக்கின்றன. என்னுடையவை என்றே நினைத்திருந்தேன். அதனால் கோபம் குறையவில்லை, கூடியது.

மலையைப் பற்றிக் கீழே இருப்பவர்கள் எழுதுவதெல்லாம் மூலிகை, சித்தர், மர்மம். அதற்கு மாற்றாக, மலையில் இருக்கிற ஒருவன் எண்ணிப் பார்த்ததை மட்டும் எழுதவேண்டும் என்றுதான் இதை ஆரம்பித்தேன். அதில் ஓர் இல்லாத வழக்கம் நுழைந்துவிட்டால் மற்ற பதினேழு கட்டுரையையும் யார் நம்புவார்கள்? முப்பத்தொரு பேருக்குப் பிடித்தது என்பது கணக்கில் வராது. பொய் என்றால் பிடிக்கத்தான் செய்யும்.

அதை எடுத்துவிடுங்கள். நான் எழுதியதை வையுங்கள். எடுத்ததற்கான அச்சுப் பிரதி வரும்வரை, அடுத்து எழுதி வைத்திருக்கும் பலாப்பழக் கட்டுரை கீழே இறங்காது.

எழுதுவது என் வேலை. தட்டச்சு செய்வது உங்கள் வேலை. இப்படிச் சொல்லவேண்டி வந்ததற்கு வருந்துகிறேன், ஆனாலும் சொல்கிறேன்.

அப்பாசாமி


காளப்பநாயக்கன்பட்டி
24.6.2008

அண்ணாவுக்கு,

பதினான்காம் தேதியே எடுத்துவிட்டேன். ‘முப்பத்தேழாவது வளைவில் எதுவும் நடப்பதில்லை’ என்று நீங்கள் சொன்னபடியே போட்டேன். அதற்கு ஒரே ஒரு பின்னூட்டம் வந்தது: “மொக்கை.” அச்சுப் பிரதியை வேண்டுமென்றேதான் அனுப்பவில்லை. தட்டச்சு செய்கிறவளுக்கு அனுப்புகிற வேலையும் உண்டென்று யாரும் சொல்லவில்லை.

இப்போது கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன். நீங்களும் அப்படியே படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கடை சலூன்காரர் குழந்தைசாமி அண்ணன், “அம்மணி, நம்ம மலையைப் பத்திப் போட்டிருக்கான் பாரு” என்று ‘வாரக் கதம்பம்’ பத்திரிகையை நீட்டினார். இரண்டு முழுப் பக்கம். தலைப்பு மட்டும் ‘வயிற்றைக் கலக்கும் கொல்லிமலை!’ என்று மாறியிருக்கிறது. மற்றபடி புதுத்துணி, புரோட்டா, “எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க” எல்லாம் வரிக்கு வரி உங்களுடையது. பதின்மூன்று வளைவு என்னுடையது. எலுமிச்சையும் இருக்கிறது. நாம் பதிவிலிருந்து எடுப்பதற்கு முன்பே அவர்கள் எடுத்திருக்கிறார்கள். படம் ஒன்று போட்டிருக்கிறார்கள், அதில் தேயிலைத் தோட்டம். எந்த மலையோ தெரியவில்லை.

எழுதியவர் பெயர் இல்லை. கடைசியில் சின்ன எழுத்தில், ‘நன்றி: இணையம்’.

சென்னைக்குப் போன் போட்டேன். உதவி ஆசிரியர் ரமேஷ்குமார் என்று ஒருவர் பேசினார்.

“மேடம், நெட்ல வந்துட்டா அது பொதுச்சொத்து.”

“உங்க பத்திரிகைகூடப் பெட்டிக்கடை வாசல்ல கயித்துல தொங்குதுங்க. அதுவும் பொதுச்சொத்துங்களா?”

“அது வேற மேடம்.”

“எப்படி வேறங்க?”

“அதுல விலை போட்டிருக்கும்.”

வைத்துவிட்டார். பத்திரிகையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இந்த முறை மாதேஸ்வரன் அண்ணன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜெயசுதா


ஆலத்தூர் நாடு
28.6.2008

அம்மணிக்கு,

பத்திரிகை நனையாமல் வந்தது. என் எழுத்தைக் கடைகளில் விற்கிற அச்சில் பார்ப்பது இதுவே முதல் முறை. சந்தோஷப்படலாமா என்று சிறிது நேரம் யோசித்தேன். பிறகு கடைசி வரியைப் படித்தேன். இணையம் என்பவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். அவர் அறுபத்தொரு முறை பஸ்ஸில் வரவில்லை.

இங்கே நிலைமை வேறு மாதிரி. செம்மேட்டு டீக்கடையில் அந்தப் பக்கத்தைக் கிழித்து ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரே பெருமை. பக்கத்துக் காட்டுச் சின்னான் என்னை நிறுத்தி, “ஏனுங்ணா, பாத்தீங்களா, எலுமிச்சம்பழம் குடுப்போம்னு நம்மள எத்தனை உசத்தியா எழுதியிருக்கான்” என்றான்.

“நீ எப்பவாவது குடுத்திருக்கியா?”

“நான் குடுத்ததில்லீங்க. ஆனா குடுக்கற ஆளுகதான நாம.”

எழுதியது நான் என்றால் எலுமிச்சைக்காக என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். நான் இல்லை என்றால் திருட்டுக்குத் துணைபோனவன் ஆவேன். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நூலகத்தில் பதிப்புரிமைச் சட்டப் புத்தகம் ஒன்று இருந்தது. படித்தேன். எழுதியவன் இறந்து அறுபது வருடம் வரைக்கும் எழுத்து அவனுடையதாம். எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது. நிறைய அவகாசம் இருப்பதால் ஆசிரியருக்கு நிதானமாக ஒரு கடிதம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தட்டச்சு செய்து அனுப்புங்கள். அந்தக் கடிதத்தில் எதையும் சேர்க்க வேண்டாம். நனைந்திருந்தால் சொல்லுங்கள், மறுபடி எழுதுகிறேன்.

அப்பாசாமி


காளப்பநாயக்கன்பட்டி
12.7.2008

அண்ணாவுக்கு,

ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அனுப்பினேன். பதில் வந்தது. உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அவர்கள் நம் வலைப்பூவைத் திறந்து பார்த்தார்களாம். அதில் முப்பத்தேழாவது வளைவில் ‘எதுவும் நடப்பதில்லை’ என்று இருக்கிறதாம். அவர்கள் கட்டுரையிலோ எலுமிச்சை இருக்கிறது. ஆகவே முழுமையான மூலம் அவர்களுடையதாம். நாம்தான் அதைச் சுருக்கி, சுவாரசியமான பகுதியை விட்டுவிட்டு, திருடிப் போட்டிருக்கிறோமாம். உடனே நீக்காவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வருமாம்.

உண்மைக்காக நீங்கள் எடுக்கச் சொன்னது இப்படி வந்து நிற்கிறது. இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. கொஞ்சம் குத்திக்காட்டவும்தான்.

ஆனால் அண்ணா, பதிவில்தான் எலுமிச்சையை எடுத்தேன். கீழே பின்னூட்டங்களை யார் எடுத்தது? முப்பத்தொரு பேர் ஜூன் மூன்றாம் தேதியே எலுமிச்சை எலுமிச்சை என்று தேதி நேரத்தோடு கத்தி வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே அனுப்பினேன். அதற்குள் மற்ற பதிவர்களுக்கும் விஷயம் போய், இருபத்துமூன்று கண்டனப் பதிவு வந்துவிட்டது. ஒருவர் அந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களைத் தோண்டி, தன்னுடைய சமையல் குறிப்பு ஒன்றும் அதில் திருடப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

நேற்று ரமேஷ்குமார் அவராகவே போன் செய்தார். குரல் எலுமிச்சை வேண்டும் போல இருந்தது. அடுத்த இதழில் கட்டுரையாளர் பெயரைப் போட்டு வருத்தமும் தெரிவிக்கிறார்களாம். இரண்டு நிபந்தனை. பெயர் ஒன்றுதான் போடுவார்கள். கட்டுரையில் உள்ள வழக்கங்கள் எல்லாம் உண்மை என்று அந்த ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். இல்லாத வழக்கத்தைப் போட்டுவிட்டோம் என்று நாளைக்கு யாராவது கேட்டால் அவர்களுக்குச் சங்கடமாம்.

நீங்களே போடுங்கள். உங்கள் பெயரில் வரட்டும். தயக்கம் வேண்டாம், ஏனென்றால் அது முழுப் பொய் இல்லை. இதைச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.

1996இல், எனக்குக் கல்யாணமாகி ஆறாம் மாதம், மலைமேல் இருக்கிற அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு பஸ்ஸில் போனோம். முப்பத்தேழாவது வளைவில் எடுத்துவிட்டேன். பலகையில் எண்ணைப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்போது பக்கத்தில் இருந்த உங்கள் ஊர் அம்மா ஒருவர், ஜன்னலைப் பார்த்தபடியே என் கையில் எலுமிச்சை மூடியை வைத்து விரலை மூடினார். செம்மேட்டில் இறங்கிப் போய்விட்டார். எங்கள் வீட்டில் வாந்திக்கு வேறு காரணம் நினைத்துச் சந்தோஷப்பட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் படும் பாட்டைச் சொல்லிச் சிரிக்கிற ஊர் இது. இங்கே ஒருத்திக்கே மலை பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால் நான் கடை நடத்த முடியாது. அதனால்தான் எனக்கு நடந்ததை உங்கள் ஊர் வழக்கமாக ஆக்கி எழுதினேன். படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

ஜெயசுதா


ஆலத்தூர் நாடு
15.7.2008

அம்மணிக்கு,

கிழிக்கவில்லை. காரணம் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரி கலைமணியிடம் படித்துக் காட்டினேன். அதற்கு மன்னியுங்கள். “அறுபத்தொரு தடவையில ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூட நான் பாத்ததில்லையே” என்றேன். “நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?” என்று கேட்டாள். டிரைவருக்குப் பின்சீட்டில் என்றேன். “திரும்பிப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. வாந்தி எடுப்பவரைத் திரும்பிப் பார்ப்பது எங்களில் மரியாதை இல்லை. ஏறும்போது ஆளைப் பார்த்து வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் சத்தத்தை வைத்துத்தான் எண்ணினேன். “எலுமிச்சம்பழம் சத்தம் போடுங்களா?” என்று கேட்டுவிட்டு அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். பதினெட்டுக் கட்டுரைக்கும் சேர்த்து எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான விமர்சனம் அதுதான்.

இருந்தாலும் வழக்கம் என்று கையெழுத்துப் போட என்னால் முடியாது. ஒருமுறை நடந்தது வழக்கம் ஆகாது. ஊர் வழக்கமாகவே இருந்தாலும் அதில் நமக்கு என்ன உரிமை? வழக்கத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம், ரமேஷ்குமாரும் எழுதலாம். ஆனால் 1996இல் உங்கள் கையில் விழுந்த அந்த மூடி உங்களுடையது. வேறு யாரும் அதை எழுதியிருக்க முடியாது. எழுபது வளைவில் அந்த ஒன்றைத்தான் திருட்டு என்று அடித்துச் சொல்ல முடியும். அதை என் பெயரில் போட்டுக்கொண்டால் ‘வாரக் கதம்பம்’ செய்ததையே நானும் செய்தவன் ஆவேன், நன்றி கூடச் சொல்லாமல்.

ஆசிரியருக்கு எழுதியதை உறை ஒட்டாமல் இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்: “கட்டுரையை இருவர் எழுதினோம். முப்பத்தொன்று முதல் நாற்பத்துநான்கு வரையிலான வளைவுகள் கா. ஜெயசுதா எழுதியவை. முப்பத்தேழாவது வளைவில் சொல்லப்படுவது வழக்கம் அல்ல. அங்கே அவருக்கு நேர்ந்தது. இரண்டு பெயரும் வருவதானால் போடுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் வேண்டாம், இணையத்துக்கே நன்றி சொல்லிக்கொள்ளுங்கள்.”

இது வெளிவந்தால் உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரியவேண்டாம் என்றால் கிழித்துப் போடுங்கள், எதுவும் கேட்கமாட்டேன். என் பெயர் வராதது எனக்கு நஷ்டம் இல்லை என்று எழுத நினைத்தேன். அது உண்மை இல்லை என்பதால் எழுதவில்லை.

தட்டச்சு உங்கள் வேலை என்று எழுதியிருந்தேன். அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

அப்பாசாமி


காளப்பநாயக்கன்பட்டி
28.7.2008

அண்ணாவுக்கு,

உங்கள் உறை இரண்டு நாள் என் மேஜையில் கிடந்தது. கிழிக்கலாம் என்று ஒருமுறை கையில்கூட எடுத்தேன். மூன்றாம் நாள் ஒட்டித் தபாலில் சேர்த்துவிட்டேன்.

நேற்றைய இதழில் வந்துவிட்டது. நாற்பத்தோராம் பக்கம், குறுக்கெழுத்துப் போட்டி விடைகளுக்குக் கீழே. வருத்தம் இரண்டு வரி, நம் பெயர் இரண்டு. உங்கள் பெயர் முதலில் இருக்கிறது. வலைப்பூவின் பெயரில் ‘எழுபது’ என்பதற்கு ‘எண்பது’ என்று போட்டிருக்கிறார்கள், அதற்கு ஒரு கடிதம் எழுதிக்கொள்ளலாம். ஆனால் உங்கள் வாசகத்தைக் குறைக்காமல் போட்டுவிட்டார்கள்: அங்கே அவருக்கு நேர்ந்தது.

வலைப்பூவிலும் எலுமிச்சையைத் திரும்ப ஏற்றிவிட்டேன், ‘வழக்கம்’ என்ற சொல் இல்லாமல், எனக்கு நடந்தபடியே. இரண்டு பெயரும் போட்டிருக்கிறேன். நீங்கள் எழுதிய ‘எதுவும் நடப்பதில்லை’ அதற்கு முந்தின வரியாக அப்படியே இருக்கிறது. இப்போதுதான் அது நன்றாக இருக்கிறது.

இன்று காலை கடை திறக்கும்போதே தெரிந்துவிட்டது. குழந்தைசாமி அண்ணன் ஒருவருக்குப் பாதி முகம் சோப்பு நுரையோடு அப்படியே விட்டுவிட்டுப் பத்திரிகையோடு என் வாசலுக்கு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஏழெட்டுப் பேர்.

“ஏம்மணி, நம்மூர்ப் பொண்ணு நீயி. முப்பத்தேழாவது வளைவுல எடுத்துட்டியா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் கம்ப்யூட்டரை அணைக்கவில்லை, எழுந்து நிற்கவும் இல்லை.

“ஆமாங்ணா. முப்பத்தாறு வரைக்கும் தாங்குனேன். அதைய எழுதுனதும் நாந்தானுங்க.”

ஜெயசுதா